வெள்ளித் தண்ணீர்: செய்து பார்க்கலாம், குடிக்க வேண்டாம்

சிங்கப்பூரில் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் சாயங்காலமானால் சதுரங்கம் ஆடும் பெரியவர் ஒருவருக்கு வாட்ஸ்அப்பில் ஒரு காணொளி வந்திருந்தது. கண்ணாடிக் குவளையில் தண்ணீர், அதில் இரண்டு வெள்ளிக் கம்பி, பக்கத்தில் சில பேட்டரிகள். அரை மணி நேரத்தில் சளி முதல் சர்க்கரை வரை எல்லாவற்றுக்கும் மருந்து தயார் என்கிறது அந்தக் குரல். "நீ பள்ளிக்கூட லேப்ல வேலை பார்த்த பிள்ளைதானே, எனக்கு ஒரு போத்தல் செஞ்சு கொடும்மா" என்றார். "செஞ்சு காட்டுறேன் தாத்தா, ஆனா ஒரு சொட்டுகூடக் குடிக்கத் தர மாட்டேன்" என்றேன். முகம் சுருங்கிவிட்டது. இருந்தாலும் சனிக்கிழமை பேத்தியைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். அவள் உயர்நிலை மூன்றில் படிக்கிறாள். பள்ளியில் மின்பகுப்புப் பாடம் அப்போதுதான் ஓடிக்கொண்டிருந்தது.

அவர்களுக்குச் செய்து காட்டியதைத்தான் இங்கே எழுதுகிறேன். சோதனை என்ற அளவில் இது அருமையானது. உலோகம் தண்ணீரில் கரைவதையும், துகளாகத் திரள்வதையும், அந்தத் துகள்கள் ஒளியைப் பிடித்துக் காட்டுவதையும் சமையல் மேசையிலேயே பார்த்துவிடலாம். 1857-ல் மைக்கேல் ஃபாரடே லண்டனில் தங்கத்தை இப்படி நுண்துகளாக்கிச் சிவப்புத் திரவம் செய்தார். அதற்குள் பாய்ச்சிய ஒளிக்கற்றை தனியாகத் தெரிந்ததையும் பதிவு செய்தார். நாம் அதையே வெள்ளியில், மலிவாக, மின்சாரத்தை வைத்துச் செய்யப் போகிறோம்.

கம்பியும் தண்ணீரும்

சோதனையின் தலையெழுத்தை இந்த இரண்டும்தான் எழுதுகின்றன. மற்றதெல்லாம் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம்.

வெள்ளி 999 ஆக, அதாவது ஆயிரத்துக்கு 999 பங்கு சுத்தமாக, இருக்க வேண்டும். ஒரு மில்லிமீட்டர் தடிமனில் 15 சென்டிமீட்டர் நீளத் துண்டு இரண்டு போதும். ஒரு துண்டு ஒன்றேகால் கிராம் அளவுக்கு வரும். சிராங்கூன் ரோட்டு நகைக்கடைகளில் "வெள்ளிக் கம்பி" என்று மட்டும் கேட்டால் 925-ஐ எடுத்துக் கொடுத்துவிடக்கூடும். அதில் ஆயிரத்துக்கு 75 பங்கு வேறு உலோகம், பெரும்பாலும் செம்பு. மின்சாரம் வெள்ளியை மட்டும் பொறுக்கி எடுக்காது, செம்பையும் சேர்த்தே கரைக்கும். ஆகவே 999 என்று எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். ரசீதிலும் எழுதி வாங்குங்கள். நகை செய்வோருக்கான பொருள்களை இணையத்தில் விற்கும் கடைகளிலும் கிடைக்கும்.

பாட்டியின் பழைய கொலுசு ஒன்றைத் தாத்தா கைக்குட்டையில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். பத்திரமாகத் திருப்பி வைக்கச் சொன்னேன். பழைய கொலுசிலும் அரைஞாணிலும் வெள்ளி எவ்வளவு, கலப்பு எவ்வளவு என்று பார்த்துச் சொல்ல முடியாது. பற்றவைத்த இடங்கள் அதைவிட மோசம். பழைய பற்றுகள் சிலவற்றில் காட்மியம்கூட உண்டு. வெள்ளி முலாம் பூசிய கரண்டியும் அப்படித்தான். மேல்பூச்சு கரைந்ததும் உள்ளே இருக்கும் நிக்கலும் செம்பும் வெளியே வரத் தொடங்கிவிடும்.

தண்ணீருக்கு வருவோம். காய்ச்சி வடித்தது, அல்லது அயனி (மின்னூட்டம் பெற்ற அணு) நீக்கியது வேண்டும். அக்கம்பக்கத்து ஹார்ட்வேர் கடைகளிலும் கார் உதிரிப் பாகக் கடைகளிலும் பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீர் என்று கேட்டால் கொடுப்பார்கள். போத்தலில் அமிலம் எதுவும் கலக்கவில்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள். குழாய்த் தண்ணீர் ஆகவே ஆகாது. நம் ஊர்க் குழாய்த் தண்ணீர் குடிக்க எவ்வளவு நல்லதோ, இந்தச் சோதனைக்கு அவ்வளவு கெட்டது. கிருமி நீக்கக் குளோரமைன் சேர்க்கிறார்கள், இயல்பாகவே குளோரைடும் இருக்கிறது. வெள்ளி அயனி குளோரைடைக் கண்டால் உடனே பிடித்துக்கொண்டு வெள்ளிக் குளோரைடாகிவிடும். கிடைப்பது துகள் மிதக்கும் தெளிந்த திரவம் அல்ல, கலங்கல் தண்ணீர். காய்ச்சி ஆறவைத்தாலும் பயனில்லை, உப்பு எங்கேயும் போகாது. மினரல் வாட்டரும் வேண்டாம், அதன் பெயரிலேயே தாது இருக்கிறது.

"ஏர்கான் குழாயில சொட்டுதே, அது காய்ச்சி வடிச்ச தண்ணி மாதிரிதானே ஆன்ட்டி?" என்று பேத்தி கேட்டாள். கெட்டிக்காரக் கேள்வி. காற்றில் இருந்த ஆவி குளிர்ந்து நீராவது உண்மைதான். ஆனால் குளிர்ச்சுருளின் தூசி, பூஞ்சை, உலோகம் எல்லாவற்றையும் கழுவிக்கொண்டுதான் அது வெளியே வருகிறது. செடிக்கு ஊற்றலாம், இதற்கு வேண்டாம்.

மீன்தொட்டி வைத்திருப்பவர்களிடம் பேனா வடிவில் டிடிஎஸ் மீட்டர், அதாவது தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பைக் காட்டும் கருவி, இருக்கும். அதைத் தண்ணீரில் விட்டுப் பாருங்கள். பூஜ்யமோ ஒன்றோ காட்டினால் நல்ல தண்ணீர். இந்த மீட்டருக்கு இந்தச் சோதனையில் அது ஒன்றுதான் வேலை. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

மின்சுற்று

ஒன்பது வோல்ட் பேட்டரி மூன்று. பத்து கிலோ ஓம் மின்தடை ஒன்று. பழுப்பு, கறுப்பு, ஆரஞ்சு என்று வண்ணப் பட்டை இருக்கும். இரு முனையிலும் முதலைக் கவ்வி உள்ள வயர்கள் சில. ஒரு மல்டிமீட்டர், சாதாரணமானதே போதும். இந்த மாதிரிச் சில்லறைச் சாமான்களுக்கு நான் ஜாலான் புசாரில் இருக்கும் சிம் லிம் டவருக்குப் போவேன். ரோச்சோரில் இருக்கும் சிம் லிம் ஸ்குவேர் வேறு. அங்கே போய் ஒற்றை மின்தடை கேட்டால் கணினி விற்பவர் உங்களை ஒரு மாதிரி பார்ப்பார். முன்பெல்லாம் பழைய மீட்டர் ஏதாவது வேண்டுமென்றால் சுங்கை ரோடு பழைய சாமான் சந்தையிலேயே தேடிப் பிடித்துவிடலாம். 2017 ஜூலையில் அதை மூடிவிட்டார்கள்.

சுவர் மின்சாரம் பக்கமே போகாதீர்கள். நம் வீடுகளில் வருவது 230 வோல்ட். தண்ணீர், ஈரக் கை, மூடாத உலோகக் கம்பி மூன்றும் ஒன்றாக இருக்கும் இடத்தில் அதற்கு வேலையே இல்லை. பழைய மடிக்கணினி அடாப்டர் சும்மாதானே கிடக்கிறது, அதை வைத்துச் செய்யலாமே என்று சிலர் கேட்பார்கள். உள்ளே காப்பு கெட்டுப்போன அடாப்டரை வெளியே இருந்து பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. பேட்டரியில் அந்தக் கவலை கிடையாது.

மூன்று பேட்டரிகளையும் தொடராக இணையுங்கள்: ஒன்றின் நேர்முனை அடுத்ததின் எதிர்முனைக்கு. மொத்தம் 27 வோல்ட். ஒன்பது வோல்ட் பேட்டரியின் குமிழ்கள் ஒன்றுக்குள் ஒன்று கச்சிதமாகப் பொருந்தும் என்பதால் வயரே இல்லாமல் மாட்டிவிடலாம். ஆனால் கடைசியில் மிஞ்சும் இரண்டு முனைகளும் ஒன்றையொன்று தொட்டால் பேட்டரி சூடேறிப் பொசுங்கும். வேலை முடிந்ததும் கழற்றி, முனைகளில் டேப் ஒட்டி வையுங்கள். சில்லறைக் காசு, சாவி கிடக்கும் இழுப்பறையில் போட்டுவிடாதீர்கள்.

மிஞ்சிய நேர்முனையிலிருந்து மின்தடை, மின்தடையின் மறுமுனையிலிருந்து முதல் வெள்ளிக் கம்பி. எதிர்முனையிலிருந்து நேராக இரண்டாவது கம்பி. மல்டிமீட்டரை நேர்மின்னோட்ட வோல்ட் அளவில் வைத்து, அதன் இரு முனைகளையும் மின்தடையின் இரு பக்கமும் கவ்வி விடுங்கள். மின்தடை பத்து கிலோ ஓம் என்பதால், மீட்டர் காட்டும் வோல்ட்டைப் பத்தால் வகுத்தால் கம்பி வழியே ஓடும் மின்னோட்டம் மில்லியாம்பில் வந்துவிடும். மூன்று வோல்ட் என்றால் 0.3 மில்லியாம்ப். மின்னோட்ட அளவுக்கு மீட்டரை மாற்றி, தவறிப்போய் உள்ளே ஃபியூஸை எரித்துக்கொள்ளும் தொல்லை இல்லை. பள்ளி லேப்பில் பிள்ளைகள் எரித்த ஃபியூஸ்களை மாற்றி மாற்றியே இந்த வழிக்கு வந்து சேர்ந்தேன்.

தண்ணீர் ஊற்றுவதற்கு முன்பு இரண்டு வெள்ளிக் கம்பிகளையும் ஒரு கணம் ஒன்றோடொன்று தொட வையுங்கள். மீட்டர் 27 வோல்ட் காட்ட வேண்டும். புது பேட்டரியானால் சற்றுக் கூடுதலாகவே காட்டும். அதாவது 2.7 மில்லியாம்ப். என்ன நடந்தாலும் இந்தச் சுற்றில் அதற்கு மேல் பெரிதாக ஓட வழியில்லை. காணொளிகளில் பலர் இந்தப் பத்துக் காசு மின்தடையை விட்டுவிடுகிறார்கள். அங்கே மின்னோட்டம் தன் இஷ்டத்துக்கு ஏறும், கம்பியிலிருந்து கறுப்புக் கசடு கொட்டும், அதைப் பார்த்து "மருந்து நன்றாக இறங்குகிறது" என்பார்கள்.

ஓட விடுவது

ஜாம் போத்தலோ கண்ணாடிக் குவளையோ ஒன்றை எடுத்து, இனி அதில் யாரும் எதையும் குடிக்க மாட்டார்கள் என்று முடிவு செய்து, வெளியே பெரிதாக எழுதி ஒட்டிவிடுங்கள். சோப்பு போட்டுக் கழுவி, கடைசியாக அந்தப் பேட்டரித் தண்ணீராலேயே அலசுங்கள். விரல் ரேகையில் இருக்கும் உப்புகூட இங்கே கணக்கு. கம்பிகளையும் அப்படியே அலசித் துடைத்துக்கொள்ளுங்கள்.

ஐஸ்கிரீம் குச்சி ஒன்றில் மூன்று சென்டிமீட்டர் இடைவெளியில் இரண்டு துளை போட்டு, கம்பிகளை அதில் செருகிக் குவளையின் மேல் வையுங்கள். 200 மில்லிலிட்டர் தண்ணீர் ஊற்றி, கம்பிகள் ஆறு சென்டிமீட்டர் அளவுக்கு முழுகும்படி பார்த்துக்கொள்ளுங்கள். முதலைக் கவ்விகள் தண்ணீரைத் தொடக் கூடாது. தொட்டால் கரைவது கவ்வியின் இரும்பும் நிக்கலும்தான். கம்பிகள் ஒன்றையொன்று தொடாமல், இணையாக நிற்க வேண்டும்.

இணைத்ததும் மீட்டர் ஒரு வோல்ட் அருகில்தான் காட்டும். சுத்தமான தண்ணீர் மின்சாரத்தை எளிதில் விடாது. "ஓடலையே" என்று தாத்தா எழுந்துவிட்டார். பொறுமையாக இருங்கள். நேர்முனைக் கம்பியிலிருந்து வெள்ளி அணு ஒரு எலக்ட்ரானை விட்டுவிட்டு அயனியாகத் தண்ணீரில் இறங்குகிறது. எதிர்முனையில் தண்ணீரே பிரிந்து ஹைட்ரஜனும் ஹைட்ராக்சைடும் ஆகிறது. இறங்கிய அயனிகளே அடுத்து வரும் மின்சாரத்துக்கு வழி திறக்கின்றன. ஆகவே மின்னோட்டம் தானாக ஏறிக்கொண்டே போகும். அரை மணி நேரத்தில் ஐந்து, ஆறு வோல்ட் வரை வரலாம். எடுத்த எடுப்பிலேயே ஐந்துக்கு மேல் காட்டினால் தண்ணீரில் உப்பு இருக்கிறது, கொட்டிவிட்டு வேறு தண்ணீர் எடுங்கள். ஹைட்ரஜனைப் பற்றிப் பயம் வேண்டாம், இந்த மின்னோட்டத்தில் அரை மணி நேரத்துக்கு கால் மில்லிலிட்டர்கூட வராது. குவளையை மூடாமல் வைத்தால் போதும்.

ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மூன்று காரியம் செய்யுங்கள். மீட்டர் எண்ணைக் காகிதத்தில் எழுதுங்கள். ஒரு கண்ணாடிக் குச்சியால் மெதுவாகக் கலக்குங்கள். அப்புறம் இரண்டு கம்பிகளின் கவ்விகளையும் இடம் மாற்றி மாட்டுங்கள். மாற்றாமல் விட்டால் நேர்முனையில் கறுப்பாக ஆக்சைடு படியும். எதிர்முனையிலோ தண்ணீரில் இறங்கிய வெள்ளி திரும்பிவந்து சாம்பல் நிறத்தில் முடிமுடியாக முளைக்கும். அந்த முடிகள் நீண்டு எதிர்க் கம்பியைத் தொட்டுவிட்டால் சுற்று அங்கேயே மூடிக்கொள்ளும், தண்ணீரில் எதுவும் நடக்காது. அந்த முளைப்பைப் பூதக்கண்ணாடியில் பார்ப்பது தனி அழகு. பேத்தி அதைப் படமெடுப்பதிலேயே பாதி நேரத்தைக் கழித்தாள்.

கணக்கு

இதைத்தான் யாரும் சொல்லித் தருவதில்லை. ஃபாரடேயின் விதிப்படி ஒரு மில்லியாம்ப் மின்னோட்டம் ஒரு மணி நேரம் ஓடினால் 4.02 மில்லிகிராம் வெள்ளி கரையும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுதிய எண்களின் சராசரி நான்கு வோல்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதாவது 0.4 மில்லியாம்ப், அரை மணி நேரம். பெருக்கினால் 0.8 மில்லிகிராம். அது 200 மில்லிலிட்டரில் இருக்கிறது, எனவே லிட்டருக்கு நான்கு மில்லிகிராம். பிபிஎம் (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு) என்று சொல்கிறார்களே, அந்தக் கணக்கில் நான்கு.

இது உச்ச வரம்பு மட்டுமே. கரைந்ததில் ஒரு பகுதி எதிர்முனையில் போய் ஒட்டிக்கொண்டது, ஒரு பகுதி ஆக்சைடாக அடியில் விழுந்தது, கொஞ்சம் கண்ணாடிச் சுவரில் பிடித்தது. மீதி எவ்வளவு என்று இந்த மேசையில் வைத்து அளக்க வழியில்லை. டிடிஎஸ் மீட்டர் இருக்கிறதே என்பார்கள். அது தண்ணீர் எவ்வளவு மின்சாரம் கடத்துகிறது என்று பார்த்து, அதை ஒரு உப்புக் கணக்காக மாற்றிக் காட்டுகிறது. வெள்ளித் துகள் அதன் கண்ணில் படாது. காற்றிலிருந்து கரைந்த கார்பன் டை ஆக்சைடு படும். அதில் நான்கு என்று வந்தால் வெள்ளி நான்கு என்று அர்த்தமில்லை. வெள்ளியை முறையாக அளக்க அணு உறிஞ்சல் கருவியோ அதைவிடப் பெரிய கருவியோ உள்ள ஆய்வுக்கூடம் வேண்டும். காணொளியில் "பத்து பிபிஎம் தயார்" என்று சொல்பவரிடம் அது இருந்ததாகத் தெரியவில்லை.

பார்ப்பது

அறை விளக்கை அணையுங்கள். கறுப்பு அட்டையில் ஊசித்துளை போட்டு, கைப்பேசி விளக்கின் மேல் வைத்து, மெல்லிய ஒளிக்கற்றையைக் குவளையின் பக்கவாட்டில் பாய்ச்சுங்கள். ஜன்னல் வழியே விழும் வெயிலில் தூசி தெரிகிறதே, அதே கதைதான். தண்ணீருக்குள் துகள் இருந்தால் ஒளியின் பாதை தெரியும். இதற்கு டிண்டால் விளைவு என்று பெயர். ஒப்பிட, அதே போத்தலிலிருந்து எடுத்த வெறும் தண்ணீரையும் பக்கத்தில் வையுங்கள்.

நம் தண்ணீரில் பாதை மங்கலாகத்தான் தெரியும். ஏனென்றால் இந்த முறையில் கிடைக்கும் வெள்ளியில் பெரும்பகுதி துகளே அல்ல, அயனி. அயனி ஒளியைச் சிதறடிக்காது. இரண்டு தேக்கரண்டி தண்ணீரைச் சிறு கிண்ணத்தில் எடுத்து, கறுப்புக் காகிதத்தின் மேல் வைத்து, ஒரு சிட்டிகை சமையல் உப்புப் போடுங்கள். மெல்லிய பால் மங்கல் ஒன்று பரவும். அதுதான் வெள்ளிக் குளோரைடு, அயனி இருந்ததற்குச் சாட்சி.

அந்த அயனிகளை நிஜமான துகளாக்க ஒரு வழி இருக்கிறது. மீதித் தண்ணீரில் பாதியைச் சுடுதண்ணீர்ப் பாத்திரத்துக்குள் குவளையோடு வைத்துச் சூடாக்கி, கடுகளவு சலவை சோடாவும் கடுகளவு குளுக்கோஸும் போட்டுக் கலக்குங்கள். குளுக்கோஸில் வைட்டமின், கால்சியம் எதுவும் சேர்க்காததாகப் பாருங்கள். சர்க்கரை போட்டால் நடக்காது. குளுக்கோஸ் அயனிக்கு எலக்ட்ரானைத் திருப்பிக் கொடுக்கும், சாதாரணச் சர்க்கரை கொடுக்காது. சில நிமிடங்களில் தண்ணீர் வெளிர் மஞ்சளாகும். வெள்ளி நுண்துகள்கள் ஊதாவும் நீலமும் சேரும் பக்கத்து ஒளியை விழுங்கிக்கொள்வதால் மிஞ்சுவது நமக்கு மஞ்சளாகத் தெரிகிறது. இப்போது விளக்கைப் பாய்ச்சினால் ஒளிக்கற்றை குவளையின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை பளிச்சென்று நிற்கும். தாத்தாவே "அட" என்றுவிட்டார்.

ஒரே ஒரு எச்சரிக்கை, இதை அழுத்திச் சொல்கிறேன்: வெள்ளிக் கரைசலில் அம்மோனியாவோ, அம்மோனியா கலந்த கண்ணாடி துடைக்கும் திரவமோ சேர்க்கக் கூடாது. சேர்த்து வைத்த கலவை நாள்பட்டாலோ காய்ந்தாலோ வெடிக்கும் பொருள் உருவாகலாம். கைகளுக்கு உறை போட்டுக்கொள்ளுங்கள். வெள்ளி பட்ட தோலும் மேசையும் வெளிச்சத்தில் பழுப்பாகக் கறை பிடிக்கும், சோப்புக்குப் போகாது.

ஏன் குடிக்கக் கூடாது

தாத்தாவின் வாதம் வலுவானதுதான். "நாங்கெல்லாம் வெள்ளிச் சங்குல பால் குடிச்சு வளர்ந்தவங்கதானே?" சங்கிலிருந்து பாலுக்கு இறங்கும் வெள்ளி மிக மிகக் குறைவு, உலோகம் தன் இடத்தில் திடமாக உட்கார்ந்திருக்கிறது. இங்கே மின்சாரத்தை வைத்து அதை வலுக்கட்டாயமாகப் பிடுங்கித் தண்ணீரில் இறக்குகிறோம். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை வெள்ளிக்கு வைத்திருக்கும் அன்றாட அளவு, உடல் எடையில் கிலோவுக்கு 0.005 மில்லிகிராம். அறுபது கிலோ ஆளுக்கு 0.3 மில்லிகிராம். நம் குவளையின் உச்ச வரம்பு 0.8. மின்தடை இல்லாமல், கணக்கு இல்லாமல் செய்கிறவர் குவளையில் எவ்வளவு இருக்கும் என்று அவருக்கே தெரியாது, தினமும் குடிக்கிறார்.

உடம்பில் சேர்ந்த வெள்ளி தோலில் போய்ப் படிகிறது. வெளிச்சம் பட்டுக் கறுக்கிறது. தோல் சாம்பல் கலந்த நீலமாகும், அதற்கு ஆர்ஜிரியா என்று பெயர், பொதுவாகத் திரும்ப மாறாது. அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் ஸ்டான் ஜோன்ஸ் என்ற அரசியல்வாதி, 2000-ம் ஆண்டு பிறக்கும்போது கணினிகள் குழம்பி மருந்துக்குப் பஞ்சம் வரும் என்று பயந்து, 1999-ல் வீட்டிலேயே வெள்ளித் தண்ணீர் செய்து குடிக்க ஆரம்பித்தார். 2002-ல் செனட் தேர்தலில் நின்றபோது அவருடைய கொள்கையைவிட நீல முகம்தான் செய்தியானது. பேத்தி கைப்பேசியில் அவர் படத்தைத் தேடி எடுத்துத் தாத்தாவிடம் நீட்டினாள். நான் அரை மணி நேரம் பேசியதைவிட அது நன்றாக வேலை செய்தது.

அதே 1999-ல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம், கடையில் விற்கும் வெள்ளிக் கூழ்ம மருந்துகள் (நம் குவளையில் இருப்பதுபோல வெள்ளி நுண்துகள் மிதக்கும் திரவங்கள்) எந்த நோய்க்கும் பாதுகாப்பானவையாகவோ பலன் தருபவையாகவோ ஏற்கப்படவில்லை என்று விதி போட்டது. வெள்ளி கிருமியைக் கொல்லாதா என்றால், கொல்லும். தீக்காயத்துக்குப் பூசும் சில்வர் சல்ஃபாடயசின் களிம்பு அப்படிப்பட்டதுதான். அது மேலே பூச, மருத்துவர் சொல்லி. வயிற்றில் நிலைமை வேறு. அங்கே இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம், குளோரைடு ஏராளம். கிண்ணத்தில் உப்புப் போட்டதும் பரவிய மங்கலைப் பார்த்தீர்களே, விழுங்கிய அயனிகளுக்கும் அதே கதிதான்.

இன்னொன்று, இதைத் தாத்தா எதிர்பார்க்கவில்லை. பாட்டிக்கும் சேர்த்துத்தான் அவர் ஒரு போத்தல் கேட்டிருந்தார். பாட்டி தைராய்டுக்குத் தைராக்ஸின் மாத்திரை சாப்பிடுகிறவர். வெள்ளிக் கூழ்மம், தைராக்ஸினும் சில ஆன்டிபயாட்டிக் மருந்துகளும் உடம்பில் சேர்வதைக் குறைத்துவிடும். மருந்து சாப்பிட்டும் பலன் இல்லையே என்று பாலிகிளினிக்கில் அளவைக் கூட்டிக்கொண்டிருப்பார்கள், காரணம் சமையலறைப் போத்தலில் இருக்கும். ஏற்கெனவே குடித்துக்கொண்டிருப்பவர்கள் மருத்துவரிடம் அதை மறைக்காமல் சொல்ல வேண்டும்.

முடித்து வைப்பது

அன்றைய தண்ணீரை அன்றே தீர்த்துவிடுங்கள். குளிர்பதனப் பெட்டியில் வைப்பது மிக மோசமான யோசனை. நடுராத்திரியில் தாகத்தோடு வருகிறவர் ஒட்டிய சீட்டைப் படிக்க மாட்டார். குவளைகளில் ஒரு சிட்டிகை உப்புப் போட்டுக் கலக்கினால் அயனியாக இருப்பதில் பெரும்பகுதி வெள்ளிக் குளோரைடாகி வீரியம் குறையும். பிறகு கழிவறையிலோ சமையலறைத் தொட்டியிலோ ஊற்றி, நிறையத் தண்ணீர் விடுங்கள். அந்தக் குழாய் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு ஆலைக்குப் போகிறது. கீழ்த்தளத்துக்கு வெளியே ஓடும் கால்வாய் அப்படியல்ல. மழைநீர்க் கால்வாய் பெரும்பாலும் நீர்த்தேக்கத்துக்குத்தான் போகிறது. வெள்ளி அயனி மீனின் செவுளில் உப்பு உறிஞ்சும் வழியை அடைத்துவிடும். மீன்தொட்டிப் பக்கமும் கொண்டுபோகாதீர்கள்.

கம்பிகளைச் சமையல் சோடாவைக் குழைத்துத் தேய்த்தால் கறுப்பு போய்விடும். துடைத்து, பேட்டரித் தண்ணீரில் அலசி, காகிதத்தில் சுற்றி, மேலே "999" என்று எழுதி வையுங்கள். அடுத்த முறை எடுக்கும்போது எடைபோட்டுப் பார்த்தாலும் வித்தியாசம் தெரியாது. நகைக்கடைத் தராசுக்குக்கூடத் தெரியாத அளவுதான் கரைந்திருக்கும்.